சட்டக் கல்லூரியில் சேர விரும்பும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

 

பிளஸ் டூ முடிவு வெளியானதும் நம் குடும்பங்களில் பேச்சு பொறியியல், மருத்துவம், பி.காம். என்றுதான் தொடங்குகிறது. "சட்டம் படிக்க வைக்கலாமா?" என்ற கேள்வி கடைசியாகத்தான் வருகிறது. அதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்திருக்கும். அல்லது யாரோ ஒருவர் சொன்ன கல்லூரியில் முன்பணம் கட்டியாகியிருக்கும். அதன் பிறகு வழி சொல்வதைவிட முன்கூட்டியே சொல்வது மேல் என்பதால் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சட்டப் படிப்பில் கல்லூரியின் பெயருக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய விஷயங்கள் மூன்று: அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, ஐந்து ஆண்டுச் செலவை நம் குடும்பம் கடனில்லாமல் தாங்குமா, பிள்ளையின் சான்றிதழ்கள் சரியாக இருக்கின்றனவா. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகூட இடத்தை இழக்க நேரிடும், அல்லது படித்த பிறகு பயனில்லாமல் போகும்.

ஐந்தாண்டுப் படிப்பா, மூன்றாண்டுப் படிப்பா?

வழக்கறிஞர் ஆக இரண்டு வழிகள் உள்ளன. பிளஸ் டூ முடித்த உடனே பி.ஏ., எல்.எல்.பி. போன்ற ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் சேரலாம். அல்லது ஏதேனும் ஒரு பட்டப்படிப்பை முடித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கலாம். இரண்டு பட்டங்களும் வழக்கறிஞராகப் பதிவு செய்யச் சமமானவையே.

சட்டம்தான் என்று பிள்ளை உறுதியாக இருந்தால் ஐந்தாண்டுப் படிப்பில் ஓர் ஆண்டு மிச்சமாகும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்திய பார் கவுன்சிலின் விதிப்படி ஐந்தாண்டுப் படிப்பின் இடையில் சேரவும் முடியாது, இடையில் ஒரு பட்டத்தோடு வெளியேறவும் முடியாது. மூன்றாம் ஆண்டில் நின்றுவிட்டால் பி.ஏ. பட்டம் கையில் கிடைக்காது. மனதில் தயக்கம் உள்ள பிள்ளை, முதலில் பி.ஏ. அல்லது பி.காம். முடித்துவிட்டுப் பிறகு மூன்றாண்டுப் படிப்புக்கு வருவதே பாதுகாப்பானது.

தபால் வழியில் எல்.எல்.பி. படிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படிப் பெற்ற பட்டத்தை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 70 சதவீத வருகை வேண்டும் என்பது விதி. "பணத்தைக் கட்டுங்கள், வகுப்புக்கு வர வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்" என்று வெளி மாநிலக் கல்லூரிகளுக்கு ஆள் சேர்க்கும் இடைத்தரகர்கள் நமதூர்களுக்கும் வருகிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே வக்கீல் ஆகிவிடலாம் என்ற ஆசையில் சிக்கிவிடாதீர்கள். பதிவு நேரத்தில் சான்றிதழ்கள் சரிபார்க்கப்படும்போது பணமும் ஆண்டுகளும் சேர்ந்தே போகும்.

மதரஸா மாணவர்களுக்கு

ஆலிம் பட்டம் பெற்ற பிள்ளைகள் சட்டம் படிக்க வருவது மகிழ்ச்சியான செய்தி. வாரிசுரிமை, வக்ஃப், குடும்ப வழக்குகள் ஆகியவற்றில் அவர்களுக்குத் தனி அனுகூலம் உண்டு. ஆனால் மதரஸா ஸனதை மட்டும் வைத்துச் சட்டக் கல்லூரியில் சேர முடியாது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன் பிறகு பட்டம் என்ற வரிசை வேண்டும். மதரஸாவில் ஓதிக்கொண்டே தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் எழுத வாய்ப்பு இருக்கிறது. பிளஸ் டூவைத் தாண்டிக் குதித்து, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக ஒரு பட்டம் வாங்கினால் அது சட்டப் படிப்புக்குச் செல்லாது. பிள்ளையை மதரஸாவில் சேர்க்கும் போதே இதை யோசித்துவிடுங்கள். சேரும் ஆண்டில் சட்டப் பல்கலைக்கழகம் வெளியிடும் தகவல் கையேட்டையும் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்கெல்லாம் சேரலாம்?

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு நான்கு வாசல்கள் திறந்திருக்கின்றன.

முதலாவது, அரசு சட்டக் கல்லூரிகள். இவை தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, வேலூர், விழுப்புரம், தருமபுரி, இராமநாதபுரம், சேலம், நாமக்கல், தேனி, காரைக்குடி ஆகிய ஊர்களில் இருக்கின்றன. சென்னையில் இருந்த பழைய கல்லூரி 2018 முதல் பட்டறைப்பெரும்புதூரிலும் புதுப்பாக்கத்திலும் இயங்குகிறது. இங்கே நுழைவுத் தேர்வு இல்லை. ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண், அவ்வளவுதான். கட்டணம் மிகக் குறைவு. நடுத்தர, ஏழைக் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டிய வாசல் இதுவே.

இரண்டாவது, அதே பல்கலைக்கழகம் சென்னையில் நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளி. ஹானர்ஸ் பட்டம் இங்கே உண்டு. இதற்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை; ஆனால் போட்டி அதிகம், குறைந்தபட்ச மதிப்பெண்ணும் அதிகம். இதற்கு ஒரு விண்ணப்பம், அரசு கல்லூரிகளுக்கு வேறொரு விண்ணப்பம், தரவரிசைப் பட்டியலும் வேறு. ஒன்றைப் போட்டுவிட்டு மற்றொன்றிலும் பெயர் வரும் என்று காத்திருந்தால் வராது. தகுதி இருந்தால் இரண்டுக்கும் போடுங்கள்.

மூன்றாவது, தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள். பெங்களூரு, ஹைதராபாத் எனப் பல நகரங்களில் இருக்கின்றன. நம் மாநிலத்தில் திருச்சி அருகே நாவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவற்றில் சேர 'கிளாட்' என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். டெல்லியில் உள்ளதற்குத் தனித் தேர்வு. கிளாட் இப்போது டிசம்பர் மாதத்திலேயே நடந்துவிடுகிறது. அதாவது பிளஸ் டூ பொதுத் தேர்வுக்கு முன்பே! பிளஸ் டூ முடிவு வந்த பிறகு கேட்டால் ஓர் ஆண்டு போய்விடும். இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கும். சட்டத்தை முன்பே படித்திருக்கத் தேவையில்லை. நீளமான ஆங்கிலப் பத்தியை வேகமாகப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம்தான் வேண்டும். பதினோராம் வகுப்பிலிருந்து நாள்தோறும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படித்து வந்தால் அதுவே பாதிப் பயிற்சி. கட்டணத்தைப் பொறுத்தவரை, விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு லட்ச ரூபாயைத் தாண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நான்காவது, மத்தியப் பல்கலைக்கழகங்களும் தனியார் கல்லூரிகளும். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்குக் கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் பெரிந்தல்மண்ணா அருகே ஒரு மையம் இருக்கிறது. அங்கும் ஐந்தாண்டு சட்டப் படிப்பு உண்டு. பல்கலைக்கழகம் தானே நடத்தும் நுழைவுத் தேர்வு வழியாகச் சேரலாம். கோவை, பொள்ளாச்சி பக்கத்துக் குடும்பங்களுக்கு அது சென்னையைவிட அருகில். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் நல்லவையும் உண்டு. ஆனால் அங்கே செலவை இரண்டு முறை கணக்கிட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

சான்றிதழில் கோட்டை விடாதீர்கள்

தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு, அதாவது பி.சி.எம். பிரிவுக்கு, 2007 முதல் 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. நூறு இடங்களில் மூன்று அல்லது நான்கு இடங்கள். அதற்கு மேல் நல்ல மதிப்பெண் இருந்தால் பொதுப் போட்டிக்கான 31 சதவீத இடங்களிலும் நம் பிள்ளைகள் இடம் பெறலாம். திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கான இடங்களில் பி.சி.எம். பிரிவு உண்டு.

இந்த ஒதுக்கீடு ஏழு பிரிவினருக்கு உரியது: அன்சார், தக்கானி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மற்றும் மரைக்காயர் உள்ளிட்ட லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத். சாதிச் சான்றிதழில் இந்தப் பிரிவின் பெயர் இருக்க வேண்டும். வெறும் 'முஸ்லிம்' அல்லது 'இஸ்லாம்' என்று மட்டும் இருந்தால் பி.சி.எம். இடம் கிடைக்காது, பொதுப் பிரிவில்தான் வைப்பார்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் ஒரு பிரிவும் வருவாய்த் துறைச் சான்றிதழில் வேறொரு பிரிவும் இருந்தாலும் சிக்கல்தான். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியல் வேறு, மாநிலப் பட்டியல் வேறு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள் தங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, அதற்குரிய சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும்.

இன்னொன்று, பெயர். 'முஹம்மது' என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாம் பல விதமாக எழுதுகிறோம். மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்துமுறை, ஆதாரில் இன்னொன்று, சாதிச் சான்றிதழில் சுருக்கம்! இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், மற்றோரிடத்தில் பின்னால். சேர்க்கையின்போதும், பின்னர் வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போதும் இது தலைவலியாக மாறும். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குப் பள்ளியிலிருந்து பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்பே எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துமுறை இருக்குமாறு சரிசெய்துவிடுங்கள்.

வளைகுடா நாடுகளிலோ வெளி மாநிலத்திலோ படித்த பிள்ளைகளுக்கு இருப்பிடச் சான்றிதழும் தேவைப்படும். தந்தை வெளிநாட்டில் இருந்தால், அவர் விடுமுறையில் வரும்போதே கையெழுத்து வேண்டிய படிவங்களை முடித்து வைப்பது நல்லது.

பணத்துக்கு என்ன வழி?

ஓர் ஆண்டுக் கல்விக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். உதாரணத்துக்கு, ஒரு தனியார் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் ஒன்றரை லட்சம், விடுதியும் சாப்பாடும் எண்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுக்குப் பதினொன்றரை லட்சம். புத்தகம், பயணம், தேர்வுக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல். படிப்பு முடிந்ததும் மாதச் சம்பளம் வரும் துறையும் இது அல்ல. ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்ந்தால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் கைக்கு வருவது போக்குவரத்துச் செலவுக்குச் சரியாக இருந்தாலே அதிகம். ஆகவே நகையை அடகு வைத்தும் வீட்டை எழுதி வைத்தும் கட்டணம் கட்ட வேண்டிய கல்லூரியைவிட, செலவு குறைந்த அரசு கல்லூரி பல குடும்பங்களுக்கு மேலானது. அங்கே மிச்சமாகும் பணம்தான் அந்த ஜூனியர் காலத்தில் பிள்ளையை நிலைநிறுத்தும்.

அரசு தரும் உதவிகள் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. சட்டப் படிப்பும் அதில் அடங்கும். அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இது பொருந்தாது. நம் சமுதாயப் பள்ளிகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை என்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாணவிகளுக்கும், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்கும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களோடு, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இதற்குத் தகுதி பெறுவார்கள்.

குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாதிருந்தால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அத்துடன் வருமானச் சான்றிதழும் இருந்தால் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமான டாம்கோ, குறைந்த வட்டியில் கல்விக் கடன் தருகிறது. வட்டி என்பதால் நம்மில் பலருக்குத் தயக்கம் இருக்கும். அதை அவரவர் நம்பும் ஆலிம்களிடம் கேட்டு முடிவெடுங்கள். ஆனால் அதற்கு முன், மேலே சொன்ன கட்டணச் சலுகைகள் அனைத்தையும், நமதூர் ஜமாஅத் மற்றும் ஸகாத் நிதிகளின் கல்வி உதவியையும் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்விகள்

இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்து, எதில் சேர்ப்பது என்று தெரியாமல் இருந்தால் நேரில் போய் இவற்றைக் கேளுங்கள்:

1. இந்திய பார் கவுன்சிலின் அங்கீகாரம் இந்தக் கல்லூரிக்கு, இந்தப் பாடப்பிரிவுக்கு, இந்த ஆண்டுக்கு இருக்கிறதா? கவுன்சிலின் இணையதளத்தில் பட்டியல் உள்ளது. கல்லூரி அலுவலகம் சொல்வதோடு நிறுத்தாமல் நீங்களே பாருங்கள்.

2. நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? வகுப்புகள் ஒழுங்காக நடக்கின்றனவா? இதை முதல்வர் அறையில் கேட்பதைவிட மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டால் உண்மை தெரியும்.

3. 'மூட் கோர்ட்' எனப்படும் மாதிரி நீதிமன்றப் பயிற்சி உண்மையில் நடக்கிறதா? நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது?

4. நீதிமன்றம் எவ்வளவு தூரம்? ஐந்தாண்டு மாணவர்கள் 20 வாரமும் மூன்றாண்டு மாணவர்கள் 12 வாரமும் வழக்கறிஞர் அலுவலகம் போன்ற இடங்களில் பயிற்சி பெற வேண்டும் என்பது விதி. மதுரையில் படிப்பவருக்கு மாவட்ட நீதிமன்றமும், 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளையும் பக்கத்திலேயே இருக்கின்றன. இந்த வசதி எந்தக் கட்டடத்தையும்விடப் பெரிது.

5. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு என்ன உதவி உண்டு? தமிழில் தேர்வு எழுத அனுமதி இருக்கிறதா? கீழ் நீதிமன்றங்களில் தமிழ் நடைமுறையில் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம். நல்ல வழக்கறிஞருக்கு இரண்டும் வேண்டும். ஆகவே தமிழ் வழிப் பிள்ளை தயங்க வேண்டாம். ஆங்கிலத்துக்கு முதல் ஆண்டிலிருந்தே தனியாக உழைத்தால் போதும்.

புத்தகம் வாங்கும்போது ஒரு கவனம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் பதிலாகப் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. சீனியர்களிடம் பழைய புத்தகம் வாங்குவதாக இருந்தால் இதைப் பார்த்து வாங்குங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கோர்ட்டு, கச்சேரி?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியே ஒரு முஸ்லிம் பெண்மணிதான். கேரளத்தின் பத்தனம்திட்டாவில் பிறந்த ஃபாத்திமா பீவி அவர்கள், தந்தையின் ஊக்கத்தால் திருவனந்தபுரம் அரசு சட்டக் கல்லூரியில் படித்து 1950-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். 1989-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். பின்னர் நம் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். அவர் படித்தது பக்கத்து நகரத்து அரசு கல்லூரி என்பதைக் கவனியுங்கள்.

தலாக், குலா, ஜீவனாம்சம், பிள்ளைகளின் பொறுப்பு, வாரிசுப் பங்கு என்று நம் பெண்கள் நீதிமன்றப் படியேறும்போது, மனம் திறந்து பேச ஒரு பெண் வழக்கறிஞரைத் தேடுகிறார்கள். பல ஊர்களில் அப்படி ஒருவர் கிடைப்பதில்லை. அந்தக் குறை நம் வீட்டுப் பிள்ளைகளால்தான் தீர வேண்டும்.

விடுதியின் பாதுகாப்பு, தொழுகைக்கு இடம், பேருந்து வசதி இவற்றை நேரில் பார்த்து விசாரித்துக்கொள்ளுங்கள். அது பெற்றோரின் உரிமை. இடையில் சம்பந்தம் பேச்சு வந்தால், படிப்பை முடிக்கவும் தொழில் செய்யவும் சம்மதமா என்பதை நிக்காஹ்வுக்கு முன்பே வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள். நான்காம் ஆண்டில் நின்றுபோன சட்டப் படிப்புக்கு எந்தப் பட்டமும் கிடையாது என்பதை இரு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும்.

பட்டம் வாங்கிய பிறகு

மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். முன்பு இதற்குப் பல ஆயிரங்கள் ஆனது. பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. அடுத்து அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். நூறு கேள்விகள், விளக்கக் குறிப்புகள் இல்லாத சட்டப் புத்தகத்தை எடுத்துச் செல்லலாம், தமிழிலும் எழுதலாம்.

நீதிபதி ஆக விரும்பும் பிள்ளைகள், சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியிருப்பதை நினைவில் வைத்துத் திட்டமிடுங்கள்.

இப்போதே செய்ய வேண்டியவை

பிள்ளை ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இருந்தால் பெயரையும் சாதிச் சான்றிதழையும் சரிபாருங்கள். பதினோராம் வகுப்பில் இருந்தால் கிளாட் எழுதுவதா என்று இப்போதே முடிவெடுங்கள். பிளஸ் டூவில் இருந்தால் மே மாதம் பிறந்ததும் சட்டப் பல்கலைக்கழக அறிவிப்பை நாள்தோறும் பாருங்கள். விண்ணப்பம் இணைய வழியில்தான். பட்டப்படிப்பு இறுதியாண்டில் இருந்தால் மூன்றாண்டுப் படிப்பின் அறிவிப்புக்குக் காத்திருங்கள்.

உங்கள் மஹல்லாவில் வழக்கறிஞர் ஒருவர் இருந்தால், பிள்ளையை அழைத்துக்கொண்டு அவரைப் போய்ப் பாருங்கள். ஒருநாள் நீதிமன்றத்துக்கு வந்து உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அந்த ஒருநாள், இந்தத் தொழில் தனக்கு வேண்டுமா வேண்டாமா என்று பிள்ளைக்கே சொல்லிவிடும். விண்ணப்பம் நிரப்புவதிலும் சான்றிதழ் வாங்குவதிலும் சந்தேகம் இருந்தால், கடைசித் தேதிக்கு முந்தின நாள்வரை காத்திராமல், ஆவணங்களோடு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உடனிருந்து செய்து தருகிறோம்.